இடுக்கியின் இடது கை

மார்ச் 3

இடுக்கியைப் பார்க்கப் போனேன். பட்டறையில் இடுக்கி பிடித்தவன், அதனால் அந்தப் பெயர். பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் பேச்சில்லை. வெளியூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள். "அப்பாவுக்கு ஒண்ணும் புரியல மாமா."

புரியவில்லையா? பதினெட்டு வருஷம் நானும் அவனும் பேசாமலேதானே வேலை பார்த்தோம்? என் ஹைட்ராலிக் ஹேமர் இறங்கினால் அடுத்த தெருக் கடிகாரம் நின்றுபோகும். அதில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்?

மார்ச் 4

தூக்கம் பிடிக்கவில்லை. பட்டறை ஞாபகம்.

பத்து டன் ஹேமர் — சரி, மூன்று. எண்ணெய் அழுத்தம் மேலே தூக்கும், நான் லிவரைத் தட்டினால் இடி மாதிரி இறங்கும். பழுக்கக் காய்ந்த இரும்பை அவன் வலது கையால் அச்சில் பிடித்துக்கொண்டு இடது கையால் சொல்வான். ஒரு விரல் — மெல்ல ஒரு தட்டு. முஷ்டி — முழு அடி. உள்ளங்கை — நிறுத்து. கட்டைவிரல் தோளுக்குப் பின்னால் போனால் — முடிந்தது, கொண்டு போ. இரும்பிலிருந்து உதிரும் செந்தணல் செதில் எங்கள் காலடியில் பொரியும். என்ன நாள் அது!

கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மூடியிருந்தால் அவன் கை எப்படித் தெரிந்திருக்கும்?

மார்ச் 6

அவன் முன்னால் முஷ்டியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு இடது கையில் ஒரு விரல் எழுந்தது. மெல்லவாம்! வாயின் ஒரு பக்கம் சிரித்தது. மகள் அழுதேவிட்டாள்.

"என்ன மாமா சொல்றாரு?"

"என்ன மாதிரி ஹேமர்காரன் பொறக்கவே இல்லையாம்."

மார்ச் 7

"அப்பாவ என்கூடக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். அவருக்கு இஷ்டமில்லாம தூக்கிட்டுப் போக மனசு வரல. நீங்க கேட்டுச் சொல்லுங்க மாமா. நீங்க சொல்றபடிதான்."

அவள் ஊர் ஒரு நாள் ரயில் தூரம். இங்கேயே இருக்கிறானாம் என்று நான் சொன்னால் யாருக்குத் தெரியும்? என் கதையில் பாதி புளுகு என்று தெரிந்தும் தலையாட்டுகிறவன் அவன் ஒருத்தன்தான். அவனும் போனால் நான் யார்கிட்ட பேச?

மார்ச் 8

மகளைக் காட்டினேன், வாசலைக் காட்டினேன், புருவத்தை உயர்த்தினேன். கட்டைவிரல் தோளுக்குப் பின்னால் போனது. புரியாதவன் போல மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போம்மா."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

மார்ச் 11

மூன்று நாளாக அவளுக்குக் கைப்பேச்சு சொல்லிக்கொடுக்கிறேன். கற்பூரமாகப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு ஆறு மாதம் ஆனது. கேட்டவர்களிடமெல்லாம் ஒரு வாரம் என்றேன்.

மார்ச் 12

ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இரண்டு விரலை உதட்டில் வைத்தான். தண்ணீர். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பாட்டிலைத் திறந்துவிட்டாள்.