தவிட்டுக்கு விற்ற பிள்ளை

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

போனில் சொன்னால் திட்டுவாய், திட்டினால் உன் பிரசவத் தையல் வலிக்கும். அதனால் உன் தம்பியிடம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. ஆபரேஷன் செய்த குடல் வேலை செய்கிறது. பயல் இன்று பால் குடித்தான், குடித்தது வயிற்றில் தங்கியது.

அன்று அவனை உள்ளே கொண்டுபோனதும் நான் ஒரு காரியம் செய்தேன். நோய்ப்பட்ட பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றால் பிழைக்கும் என்று நம் ஊரில் சொல்வதை நீ கேலி செய்வாயே, அதைத்தான். பக்கத்தில் பேத்திக்காகக் காத்திருந்த திருப்பாலைக்குடி மீன்கார அக்கா அவனை வாங்கிக்கொண்டார். மதுரை ஆஸ்பத்திரியில் தவிட்டுக்கு எங்கே போவது? ஒரு ரஸ்க்கை நொறுக்கி என் கையில் கொட்டினார்.

"இனி அவன் எம்புள்ள. நீ எதுக்குய்யா அழுகுற? போயி டீயக் குடி" என்று அதட்டினார்.

போய்க் குடித்தேன். அதுவரை எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

இன்று பிள்ளையைத் திருப்பிக் கேட்டேன். "ஒங்கிட்டத் தரமாட்டேன். பெத்தவ தவிட்டோட வரட்டும்" என்கிறார்.

மாட்டுக்கு வாங்கிய தவிட்டில் ஒரு பிடி முடிந்துகொண்டு வா. மெதுவாகவே வா, அவன் இருப்பான்.

இப்படிக்கு,
நீ வரும்வரை பிள்ளையில்லாதவன்