நாற்பதுக்குக் கீழே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.

எனக்குக் காய்ச்சல் போய்விட்டது. படி ஏறினால் மட்டும் பழைய லாரி மாதிரி சத்தம் வருகிறது. லேத் பட்டறைக்குப் போனேன். எமனே திருப்பி அனுப்பிட்டானா பெரிசு என்று முதலாளி சிரித்தார். அப்புறம் உன் தம்பி நினைவு வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் உன் கடிதம் வந்தது, நல்லவேளை. இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. இந்தக் காய்ச்சலில் நாற்பது வயதுக்குக் கீழே ஆயிரத்தில் ஒருத்தர்தான் சாகிறார் என்று நீ பார்த்த அட்டவணை, ஆஸ்பத்திரிக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கு மட்டுமாம். அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அன்றைக்கு நீ கவனிக்கவில்லையாம். அப்படியானால் வீட்டில் படுத்துக் கிடந்த நம் தடியன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

எனக்கும் அவனுக்கும் ஒரே நாளில் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கட்டில்தான் காலி என்றதும் மொட்டை மாடிக்குப் போய் உனக்குத்தான் போன் போட்டேன். இன்சூரன்ஸ் ஆபீசில் வயசு பார்த்துப் பிரீமியம் போடுகிறவளுக்குத் தெரியாதா? அறுபதுக்கு மேல் ஆறில் ஒருத்தர் போய்விடுகிறார், நீங்கள் கிளம்புங்கள், தம்பி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்றாய். நான் செருப்புகூட மாட்டாமல் வண்டியில் ஏறினேன். தடியன் ஜன்னலில் நின்றுகொண்டு, "கிழத்தைப் பத்திரமா பாத்துக்கம்மா. எனக்கென்ன, சாகிற வயசா?" என்றான்.

அம்மா என்னோடு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். போனில் அவனுக்கு மூச்சு வாங்கியது. மாடி ஏறிக்கொண்டே பேசுகிறேன் என்றான், நம்பினோம். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் நம் கதவை உடைத்த நேரத்தில் அவள் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவனை வீட்டில் விடலாம் என்று யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். நான்தான் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்தேன் என்றேன். அவள் அழவில்லை. "உங்க உசுருன்னா மட்டும் கணக்கு எப்படிங்க சரியா வருது?" என்றாள்.

இப்போது தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நான் இருமினால், இன்னும் போகலையா என்று உள்ளேயிருந்து குரல் வரும். இருமலைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் வந்து அவளிடம் உண்மையைச் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் பாப்பா. புருஷனை வெறுப்பது அவளுக்குக் கஷ்டமில்லை, என்னோடு குடும்பம் நடத்தினவளுக்கு அதில் பழக்கம் உண்டு. பிள்ளை என்று அவளுக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். அதையும் பிடுங்கிவிடாதே.

வா. வந்து அவள் மடியில் படுத்து அழு. உன் எதிரில் அவள் என்னைத் திட்டுவாள், நிச்சயம் திட்டுவாள். அப்போது என் பக்கம் பேசிவிடாதே, தாயே. நீயும் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டு.

ஆசிகளுடன்,
அப்பா