டாக்டர் முறை

கோன் கேன், தாய்லாந்து
6 மார்ச் 1997

அன்புத் தங்கை பிகுனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடாது. அண்ணி உனக்கென்று மிளகாய்ப் பொடி இடித்திருக்கிறாள், வண்டியில் அனுப்புகிறேன்.

நோங் சிம் ஊரில் போன வருடம் எல்லோருக்கும் ஈரல் புழுவுக்கு மாத்திரை கொடுத்தோம். புழு ஒழிந்தது. இப்போது மறுபடி பரிசோதித்தால் பாதிப் பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது. பச்சை மீனைக் கொத்தித் தின்பதை அவர்கள் விடவில்லை. நம் ஆய்வுக் குழுவில் கால்நடை மருத்துவர் வீரா, புழுவைப் பரப்பும் பூனைகளைப் பிடி என்கிறார். மீன் ஆராய்ச்சிக்காரர் தொங் குளத்து நத்தைகளைக் காட்டுகிறார். எனக்குத் தெரிந்தது அறுவை மட்டும்தான். புழு புற்றுநோயாக முற்றிய பிறகு என்னிடம் வருகிறார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைக்கிறேன், அப்பாவுக்குச் செய்த மாதிரி. நீ அந்த ஊரிலேயே குடியிருக்கிறாய். ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? சமூகவியல் பாடம் நடத்தாமல் சுருக்கமாக எழுது.

உன் அண்ணன்
உடோம்


நோங் சிம்
15 மார்ச் 1997

அண்ணா,

பொடி வந்தது. இதைத் தின்றால் புழு என்ன, நானே பிழைப்பேனா தெரியவில்லை என்று அண்ணியிடம் சொல்.

சுருக்கமாகவே சொல்கிறேன். காரணம் நீ.

கோபப்படாமல் படி. டிசம்பரில் ஊர்த்தலைவர் புன்மா மாமாவின் புது வீட்டு விருந்துக்கு வந்தாய் அல்லவா? மாமா தன் கையால் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, பச்சை மீனில் ஒற்றி, உன் வாய்க்கு நேரே நீட்டினார். வாங்கிக்கொண்டாய். இன்னொரு வாயும் வாங்கினாய். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டாய். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஏன் மறுபடி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "நாங்க ஒண்ணும் கண்டபடி சாப்பிடலையே, டாக்டர் முறையிலதான் சாப்பிடறோம்" என்றாள். அது என்ன முறை என்றேன். "நல்லா கேட்டே போ! உங்க அண்ணன் சாப்பிடறது உனக்கே தெரியாதா? முதல்ல மீனு, அப்புறம் மாத்திரை. ஈரலை அறுக்கறவரே அப்படித்தான் சாப்பிடறாரு, எங்களுக்கு என்ன வந்துச்சு?"

விட்டிருந்த வீடுகளில்கூட மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நம் அறிக்கையில் இதற்கென்று ஓர் அத்தியாயம் எழுதுகிறேன்.

பிகுன்


கோன் கேன்
20 மார்ச் 1997

பிகுன்,

அது நெஞ்செரிச்சல் மாத்திரை! காலையிலிருந்து பட்டினியாக அறுவை முடித்துவிட்டு அங்கே ஓடி வந்தவன் நான்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. பச்சை மீன் தின்னாதே என்று நாடு முழுக்கப் பேசுகிறவனை வைத்தா வேடிக்கை காட்டுவாய்? என் முகத்தில் கரி பூசவா உன்னைக் குழுவில் சேர்த்தேன்? அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் புன்மா மாமா. நீட்டின கையைத் தட்டிவிட முடியுமா, நீயே சொல்.

எடுக்காவிட்டால் அறிக்கை உன் பெயர் இல்லாமல் போகும். குழுத் தலைவனாகச் சொல்கிறேன்.

உடோம்


நோங் சிம்
27 மார்ச் 1997

அண்ணா,

எடுக்க மாட்டேன்.

எந்த மாத்திரை என்று ஊர்க்காரர்கள் உன் பையைத் துழாவியா பார்ப்பார்கள்?

நீட்டின கையைத் தட்டிவிட முடியுமா என்று கேட்டாயே, இத்தனை மாதமாக நான் தேடியது அந்த ஒரு கேள்வியைத்தான். இந்த ஊரில் ஒருவருக்கும் முடியவில்லை. புருஷன் வீட்டுக்கு வந்த புதுப்பெண்ணுக்கு முடியவில்லை, பட்டம் வாங்கிய டாக்டருக்கும் முடியவில்லை. நத்தை, மீன், பூனை என்று புழு வரும் வழியெல்லாம் படம் போட்டோம். அந்தக் கையைப் போட மறந்துவிட்டோம்.

எல்லாத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கியவன் நீ. உட்கார்ந்த பிறகு என் நாற்காலியை மட்டும் உருவுகிறாய். மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டேன். தொங், "உன் பேரு இல்லாத அறிக்கையில என் நத்தையும் இருக்காது" என்றார். வீரா, "என் பூனைங்களும் வெளிநடப்பு" என்றார்.

உன் முகத்தைவிட இவர்கள் ஈரல் எனக்குப் பெரிது. நீ என்னோடு பேசாமல் போனால் அழுவேன். அழுதுகொண்டே எழுதி முடிப்பேன்.

பிகுன்


நோங் சிம்
10 ஏப்ரல் 1997

அண்ணா,

பதில் இல்லை. புத்தாண்டுக்கு வரச்சொல்லி அண்ணி மட்டும் எழுதியிருந்தாள். நீ கூப்பிடாத வீட்டுக்கு வர மனமில்லை; உபோனில் தோழி வீட்டுக்குப் போகிறேன். அத்தியாயம் முடிந்தது. ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

பிகுன்


நோங் சிம்
14 ஏப்ரல் 1997

என் பிகுனுக்கு,

பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புத்தாண்டுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். வழக்கப்படி அவர் கைகளில் வாசனைத் தண்ணீர் ஊற்றினேன், வாய் நிறைய வாழ்த்தினார். பாய் விரித்தார்கள். பழையபடி பச்சை மீன் வந்தது, கை நீண்டது. வேண்டாம் என்றேன்.

"என்னப்பா, பெரிய டாக்டராயிட்டே, மாமா கையால சாப்பிட மாட்டியா?"

"வேக வெச்சுக் குடுங்க மாமா, தட்டோட தின்னுடறேன். பச்சையா வேண்டாம்."

"அதான் மாத்திரை வெச்சிருக்கியே?"

"அது நெஞ்செரிச்சலுக்கு. அன்னிக்கு நான் சாப்பிட்டதே தப்பு." எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "உங்க அப்பன் இருந்திருந்தா என் கையை இப்படி அந்தரத்துல விட்டிருப்பானா?"

"யாராவது ஒருத்தர் இந்தத் தட்டைத் தள்ளி வெச்சிருந்தா, அப்பா இருந்திருப்பாரு மாமா."

எழுந்து உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள், எனக்காக ஒருவரும் நிறுத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு வந்தேன்.

அத்தியாயம் அப்படியே இருக்கட்டும், உன் பெயரோடு. அதில் என்னை 'ஒரு மருத்துவர்' என்று மறைத்திருக்கிறாயாம், தொங் சொன்னார். யாரைக் காப்பாற்றுகிறாய்? முழுப்பெயரைப் போடு. இன்று நடந்ததையும் சேர்த்துக்கொள்.

அடுத்த மாதம் மாமாவின் பேத்திக்குக் கல்யாணம். இனி எனக்கு அழைப்பு வராது. நான் போவேன். அதே பாயில் உட்கார்ந்து மறுபடியும் வேண்டாம் என்பேன். நீயும் வந்து பக்கத்தில் உட்கார்.

அண்ணன்
உடோம்