நடுவில் ஒரு மூச்சு

ரேடியோப் பெட்டியின் குமிழைத் திருப்பியதும் சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு வாசனை வருகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேறும்போது அவற்றின் மேல் படிந்த தூசி காய்கிற வாசனை. பெட்டியின் வார்னிஷ் வாசனையும் அதோடு கலந்துகொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் அதை வாங்கித் தம் கூடத்தில் வைத்தார். அன்று முதல் எங்கள் மாம்பலம் தெருவில் பாதிப் பேருக்குச் சாயங்காலம் அங்கேதான்.

நீ இதைப் பார்க்கவில்லை. நம் ஊரில் சர்க்கார் ரேடியோ நிலையம் வந்ததே நீ போன பிறகுதான். நேற்று அந்த வாசனை வந்தபோது, குரல் வருவதற்கு முன் இருந்த சிறு இடைவெளியில், நீதான் எனக்கு ஞாபகம் வந்தாய். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளியில் நாம் இருவரும் ஒரே வருஷம் உபாத்தியாயினிகளாகச் சேர்ந்தோம். நீ சாந்தோமிலிருந்து வருவாய். முழங்கை மூடிய ரவிக்கை, வெள்ளைப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே என்னை "மாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். "ஏண்டி, நான் உனக்கு மாமியா?" என்று கோபித்துக்கொண்டேன். "முகத்தை இப்படி வச்சுக்கிட்டா வேற எப்படிக் கூப்பிடறது?" என்றாய். இப்போது தெருவே என்னை மாமி என்கிறது. அவர்கள் குரலில் கேலி இல்லை.

பள்ளியைத் தவிர உனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அந்த நாளில் மாதர் சங்கக் கூட்டங்களில் பெரிய மனிதர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷில்தான். பக்கத்தில் ஒருவர் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்ல வேண்டும். கம்பெனிக் காலத்துப் பழைய பெயரை வைத்து உன்னை எல்லோரும் "துபாஷியம்மா" என்றார்கள். மற்ற துபாஷிகள் இங்கிலீஷில் கால் மணி பேசினால் தமிழில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்தாருக்குப் பிடிக்காதது எதுவும் தமிழுக்கு வராது. நீ அப்படிச் செய்ததில்லை. பேச்சாளர் "நான்" என்றால் நீயும் "நான்" என்பாய். அவர் கோபப்பட்டால் உன் குரலும் உயரும். பேச்சு முடிந்து நீ மேடையிலிருந்து இறங்கும்போது, உன் கருத்து என்னவென்று ஒருவருக்கும் தெரிந்திராது.

எனக்குத் தெரியும். லஸ் முனையில் டிராமுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் நமக்குள் வாதம் நடக்கும். எனக்கு இங்கிலீஷ்தான் பெரிது. அது இல்லாவிட்டால் நான் அடுக்களையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டேன் என்று சொல்வேன். "உன்னை வெளியே கொண்டு வந்துது, சரி. உன் தங்கச்சி?" என்று கேட்பாய். என் தங்கைக்குப் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். டிராம் வருகிறதா என்று பார்ப்பேன். மின்சார விளக்கு வந்தது, மின்சார ரயில் வந்தது. அவற்றை எல்லாம் குழந்தை போல ரசித்தாய். கதர் கட்டியவர்களோடும் மில் துணி கட்டியவர்களோடும் ஒரே மாதிரி வாதாடினாய். "இதையெல்லாம் மேடையிலே சொல்லேன்" என்பேன். "அங்கே நான் மத்தவங்க பேச்சைச் சொல்லத்தான் போறேன். என் கருத்தை யாரு கேட்டா?" என்பாய்.

அந்தக் கூட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. பட்டினப்பாக்கத்து மீனவப் பெண்களையும் அழைத்திருந்தார்கள். நாற்காலிகளில் சங்கத்து அம்மாள்கள், பின்னால் பாயில் அவர்கள். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி. தமிழர்தான், ஆனால் தமிழ் அவருக்குச் சரளமாக வராது. பேச்சு எங்கோ போய் ஓட்டுரிமையில் வந்து நின்றது. இந்தப் பெண்களுக்குப் பிள்ளையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவே தெரியாது, இவர்கள் கையில் ஓட்டைக் கொடுத்தால் ஒரு கவுளி வெற்றிலைக்கு விற்றுவிடுவார்கள் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். முன்வரிசையிலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நீ அதை அப்படியே தமிழில் சொன்னாய். "நான் சொல்கிறேன்" என்று தொடங்கி, வெற்றிலை வரைக்கும், ஒரு சொல் குறையாமல்.

பாயிலிருந்து கன்னியம்மா எழுந்தாள். தினமும் காலையில் உங்கள் வீட்டு வாசலில் மீன்கூடையை இறக்குகிறவள். அவள் பார்த்தது அந்த அதிகாரியை அல்ல, உன்னை.

"இன்னாம்மா சொன்னே? இன்னொரு தபா சொல்லு."

நீ இன்னொரு தரமும் சொன்னாய்.

"யாரு வெத்தலைக்கு விக்கிறது? நாலு எழுத்து படிச்சுட்டா நாங்கல்லாம் உனக்கு மாடா? உன்னிய யாரு இங்க இட்டாந்தது?"

அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். அதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னாய். கடைசிக் கேள்வி தமக்குத்தான் என்று எண்ணி, சங்கத்தின் காரியதரிசி அம்மாள் அன்புடன் தம் மோட்டாரில் அழைத்து வந்ததாக அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். நீ அதையும் தமிழில் சொன்னாய்: "காரியதரிசி அம்மாள் அன்போடு என்னை மோட்டாரில் அழைத்து வந்தார்கள்."

"மோட்டார்ல வந்து கீறாளாம்! பாத்துக்கோங்கடி!" என்றாள் கன்னியம்மா. பாய் முழுக்க எழுந்து வெளியே போய்விட்டது.

காரியதரிசி அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதைச் சொல்றது, எதை விடறதுன்னு தெரிய வேண்டாமா? கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். "பாத்துச் சொன்னா அது அவர் பேச்சா இருக்காதேம்மா" என்றாய். அந்தச் சங்கம் உன்னை மறுபடி கூப்பிடவில்லை. அதைப் பற்றி நீ வருந்தியதாகத் தெரியவில்லை. ஆனால் கன்னியம்மா உங்கள் வாசலில் நிற்காமல் எதிர்வீட்டுக்கு நேராகப் போக ஆரம்பித்ததை உன்னால் தாங்க முடியவில்லை. அவள் உங்கள் பக்கம் திரும்புவதுகூட இல்லை என்று ஆசிரியர் அறையில் தினமும் சொன்னாய்.

ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்குப் போனாய். மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "மூக்கை விடு மாமி. நாம சமாதானம் பேச வந்திருக்கோம்" என்றாய். கன்னியம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கன்னியம்மாக்கா, அது நான் சொன்னதில்ல. அந்த ஐயா சொன்னது."

"உன் வாயிலருந்துதானே வந்திச்சு?"

"அவரு இங்கிலீஷ்ல சொன்னாரு. நான் அதைத் தமிழ்ல சொன்னேன். அவ்வளவுதான்."

"சரி, வுடு. நீ இன்னா நெனச்சே?"

இத்தனை வருஷ மேடையில் அந்தக் கேள்வியை உன்னிடம் யாரும் கேட்டதில்லை. கடைசியில், "எனக்கு அது தப்புன்னுதான் பட்டுச்சு" என்றாய்.

"தப்புன்னு பட்டா அங்கியே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை. நாம் திரும்பி நடந்தோம்.

அவள் சொன்னதுதான் சரி என்று வழியில் நான் சொன்னேன். நீ உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "என் கருத்தை நடுவுல கலந்துட்டா, அப்புறம் எது அவரோடது, எது என்னோடதுன்னு யாருக்குத் தெரியும்? அதுவும் ஏமாத்துதான்" என்றாய். சாந்தோம் மாதா கோயில் மணிக்கூண்டு தெரிகிற இடம் வந்ததும் நின்றாய். "மொதல்ல அவரோடதை முழுசாச் சொல்லணும். பிடிக்காட்டியும் முழுசா. அப்புறம் ஒரு மூச்சு விடணும். அப்புறம் என்னோடது. நடுவுல அந்த ஒரு மூச்சு இருந்தாப் போதும் மாமி, ஜனங்களுக்குப் புரிஞ்சுடும்."

சில நாள் கழித்துக் கன்னியம்மா உன் வாசலில் கூடையை இறக்கி, "இன்னிக்கு இன்னா நெனக்கிறே? வஞ்சிரமா, சங்கராவா?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது உனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆனால் மூச்சு விட்டுப் பேச உனக்கு மேடை இல்லை. அந்த வருஷங்களில் சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம். அங்கே கார்ப்பரேஷன் வைத்திருந்த ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டும் பேச்சும் வரும். பாட்டு வந்தால் உனக்கு ஆனந்தம். சபாவுக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்ற கணக்கெல்லாம் இந்தக் குழாய்க்குத் தெரியாது, அதுவே பெரிய புண்ணியம் என்பாய். பேச்சு வந்தால் கம்பத்தடியில் போய் நின்று, "ஐயா, அந்த ரெண்டாவது விஷயம் எப்படின்னு இன்னொரு தரம் சொல்லுங்க" என்று குழாயைப் பார்த்துக் கேட்பாய். சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் சிரிப்பார்கள். நான் வெட்கப்பட்டு உன் கையைப் பிடித்து இழுப்பேன். "எல்லாம் நல்லா இருக்கு மாமி. ஆனா இதுக்கு மூச்சு விடத் தெரியல. எதிர்த்துக் கேக்க ஒரு கன்னியம்மாவும் இல்ல" என்பாய்.

அப்புறம் அடையாற்றில் ஒரு மாந்தோப்பில் கூட்டம். அவர்களுடைய துபாஷிக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் உன்னைக் கூப்பிட்டார்கள். உன் கதை அவர்களுக்குத் தெரியாது. பேசியவர் பெரிய படிப்பாளி. தமிழ் பாட்டுக்கும் சமையலுக்கும் போதும், விஞ்ஞானத்தை அதில் சொல்லவே முடியாது, மின்சாரம் கம்பியில் ஓடுவதை எந்தத் தமிழில் விளக்குவீர்கள் என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி என் கட்சி என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அவர் கேட்டதைச் சொன்னாய். கம்பியில் மின்சாரம் ஓடுவதைப் பற்றி அவர் கொடுத்த விளக்கத்தையும் தமிழில் சொன்னாய். தோப்பில் இருந்தவர்கள் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். அவர் சொன்னதற்கு அதுவே பதில் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

அவர் உட்கார்ந்தார். நீ உட்காரவில்லை. தூரத்தில் நின்ற எனக்கே நீ மூச்சு இழுத்தது தெரிந்தது.

"இதுவரைக்கும் அவர் சொன்னது. எனக்குப் படுவது வேறு. ஒரு குழந்தை எந்த மொழியில் கேள்வி கேட்கிறதோ..."

அக்கிராசனர் மேஜை மணியை அடித்தார். நேரமாகிவிட்டது என்றார். இரண்டாவது தரமும் அடித்தார். நீ கைகூப்பிவிட்டு இறங்கினாய். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் உன்னை ஏற்றவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டேன்: "அன்னிக்கு மீதி என்னடி சொல்ல வந்தே?"

"மணி அடிச்சுட்டாங்களே மாமி. மறந்து போச்சு."

பொய். உனக்கு எதுவும் மறக்காது. களைப்பினால் அப்படிச் சொன்னாயா, என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கச் சந்தர்ப்பம் வரவில்லை. சாந்தோமில் உன்னை அடக்கம் செய்த அன்று கன்னியம்மாவும் வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றாள். அவளிடம் பேச எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

இனி நேற்றைக்கு வருகிறேன். ரேடியோவில் இங்கிலீஷில் ஒரு பிரசங்கம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்லம்மா பின்கட்டுக் கதவோரம் ஈரக் கையோடு நின்றிருந்தாள். "மாமி, என்ன சொல்றான்னு நீங்க சொல்லுங்கோளேன்" என்றாள் அந்த அம்மாள். பெட்டியின் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் செய்யாத வேலை. பெட்டி எனக்காக நிற்காது, ஓடி ஓடிச் சொன்னேன். அவர் "நான்" என்றபோது நானும் "நான்" என்றேன். அவர் சொன்னது இதுதான்: ரேடியோ வந்துவிட்டது, இனி ஏழைப் பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் செலவும் சிரமமும் வேண்டாம், தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் காது வழியாகவே அவர்களுக்குப் போய்ச் சேரும்.

எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் முழுவதும் சொன்னேன்.

பெட்டியை நிறுத்தினார்கள். செல்லம்மா, "அப்போ எம் பொண்ண இஸ்கூலுக்கு அனுப்பத் தேவல்லியாம்மா?" என்று கேட்டாள். கேலியாக அல்ல, நிஜமாகவே. நான் சொன்னால் நாளைக்கே நிறுத்திவிடுவாள் போல என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு மூச்சு விட்டேன்.

"இதுவரைக்கும் அவர் சொன்னது செல்லம்மா. எனக்குப் படறது வேற" என்றேன். அப்புறம் பேசினேன். காதில் விழுவது நிற்காமல் போய்விடும், புஸ்தகம் என்றால் நிறுத்தலாம், திரும்பப் படிக்கலாம், இவன் சொல்வது தப்பு என்று மூடியும் வைக்கலாம் என்றேன். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தவே கூடாது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். மணி அடிக்க அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். உன் பாதி வாக்கியத்தை அங்கே முடித்திருக்கலாம். எனக்குத் தோன்றிய விதத்தில் மீதியைச் சேர்த்து, என் சிநேகிதி இப்படிச் சொல்வாள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அது உன்னுடையது, அடையாற்றுத் தோப்பில் விட்ட இடத்திலேயே இருக்கட்டும். நான் சொன்னது என்னுடையது. நடுவில் விட்ட மூச்சு மட்டும் உன்னுடையது.

இன்று காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது செல்லம்மாவின் பெண் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள்.