நியோ என்றால் புதிது

திருவரங்கம்,
20-03-2025, வியாழக்கிழமை.

அன்பு மகன் முருகானந்தத்துக்கு,

மான்செஸ்டரில் நீயும் மருமகளும் பேத்தியும் உடல்நலத்துடன் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் விருப்பம். இங்கும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது என் வழக்கம். இன்று கை வரவில்லை, ஆகவே எழுதாமல் விடுகிறேன். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்கும் முன் உன்னை வார்டில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

மாடிக் குழாயை மாற்றியாயிற்று. உன் அம்மா இன்னும் காந்தி மார்க்கெட்டுக்குப் பேருந்தில் போய்த்தான் சின்ன வெங்காயம் வாங்குகிறாள், தெருமுனைக் கடையில் வாங்கச் சொன்னால் கேட்பதில்லை. இனிக் கொஞ்ச நாள் போக முடியாது. அதைச் சொல்லவே எழுதுகிறேன். அவளுடைய இடது மார்பில் இருந்த கட்டியிலிருந்து 14-02-2025 அன்று சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதும், 21-02 வெள்ளிக்கிழமை அறிக்கை வந்ததும் உனக்குத் தெரியும். அன்று மாலை 6.10-க்கு அதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். "நான் பாத்துட்டுச் சொல்றேன்ப்பா, அதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் போகாதீங்க, அங்க உடனே கத்தியத் தூக்கிடுவாங்க" என்றாய். 27-ஆம் தேதி உன்னிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. படித்துவிட்டாய், அஞ்ச ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் கொண்டேன். அறிக்கையில் இருந்த நியோபிளாசம் என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. முப்பத்து நான்கு ஆண்டு ஆங்கிலம் நடத்தியவன் நான். நியோ என்னும் முன்னொட்டில் பத்துச் சொற்கள் எழுதிப்போட்டு, மாலை டியூஷனில் பிள்ளைகளை உரக்கச் சொல்ல வைப்பேன். ஏழாவது சொல் அது. புதிய வளர்ச்சி, ஒரு மதிப்பெண், அடுத்தது என்று போய்விடுவேன். நான்காவது சொல் நியோநேட்டல், அதாவது பிறந்த சிசு சார்ந்தது. இன்று உன் பெயர்ப் பலகையில் இருப்பது அந்தச் சொல்தான். சொல் தெரிந்திருந்தும் மருத்துவன் நீ என்பதால் உன் வாயால் கேட்கக் காத்திருந்தேன். அவளிடம் வெறும் கொழுப்புக் கட்டி என்று பொய் சொன்னேன். இதில் என் பிழையையும் மறைக்கவில்லை.

18-03 செவ்வாய்க்கிழமை நானே உன்னை அழைத்தேன். "எந்த ரிப்போர்ட்ப்பா? இங்க ரெட்டைக் குழந்தை ஒண்ணு சீரியஸா இருக்கு, அப்புறம் பேசறேன்" என்றாய். அப்போதுதான் தெரிந்தது, நீ அதைத் திறக்கவே இல்லை. கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து உன் அம்மா பீரோவைத் திறந்து, நான் அறிக்கையை ஒளித்து வைத்திருந்த உறையை எடுத்து வந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "அடுப்படியில நின்னு இத்தனை வருஷமா உங்க டியூஷனைக் கேட்டிருக்கேன். நியோன்னா புதுசுன்னு தெருவே கேக்கிற மாதிரி கத்துவானுங்க. உள்ள புதுசா என்னமோ வளந்திருக்குன்னு எழுதியிருக்கான், நீங்க கொழுப்புக் கட்டிங்கறீங்க. உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல, போங்க" என்றாள். அந்த உறையை அவள் மார்ச் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாளாம். நானாகச் சொல்வேன் என்று அவளும் காத்திருந்திருக்கிறாள்.

நேற்று புத்தூரில் ஓர் அறுவை மருத்துவரைப் பார்த்தோம். அறிக்கைத் தேதியைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் ஆகப் போகுது, என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க, படிச்சவர்தானே" என்று கேட்டார். கணக்குப்படி இருபத்தாறு நாள். மகன் மருத்துவன், அவன் சொல்லக் காத்திருந்தோம் என்று முனகினேன். உடனே உன் அம்மா, "அவன் பச்சப்புள்ளைங்களுக்குத்தான் டாக்டருங்க, நான் வயசானவ, என்னைய நீங்க பாருங்க" என்று சிரித்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை. 02-04-2025 புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை.

நீ 11-10-1983 அன்று எட்டாம் மாதத்தில் பிறந்தாய், ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பதினேழு நாள் இருந்தாய். தாயை உள்ளே விடமாட்டார்கள். பிரசவித்த உடம்போடு சன்னலுக்கு வெளியே காலை முதல் விளக்கேற்றும் வரை நின்றாள். வீட்டுக்குப் போ என்று நர்சுகள் திட்டினார்கள். நீ கண் விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்றாவது எதிரே இருக்கட்டும் என்றாள். உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை. அவள் சொல்ல வேண்டாம் என்பாள். இந்தக் கடிதத்தையும் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னாள், அவன் வந்தால் வரட்டும், கூப்பிடாதீர்கள் என்று. நான் கூப்பிடுகிறேன். அவள் கண் விழிக்கும்போது என் முகம் மட்டும் போதாது.

இரவுப் பணி முடிந்து வண்டி ஓட்டாதே. பேத்தியைத் தமிழில் பேச வை. மூவரும் நீண்ட ஆயுளோடு வாழ அரங்கன் அருளட்டும். புதன்கிழமை, இரண்டாம் தேதி, காலை எட்டு மணி. குறித்துக்கொள்.

உன் தந்தை,
சி. ரத்தினவேல்

பின்குறிப்பு: 21-02 அன்று அனுப்பிய அறிக்கையை இனி நீ திறக்க வேண்டியதில்லை. படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டார்கள்.