டியர்டவுனுக்கு மேல் ஒரு குறி

அலுவலகத்தை இடம் மாற்றுகிறார்கள். இன்று காலை மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது உன் கம்பளிக் கையுறைகள் கிடைத்தன. குளிரில் கீபோர்டு தட்ட வசதியாக விரல் நுனிகளை நீயே கத்தரித்து வைத்தவை. அழுகை வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. அன்றும் வரவில்லை.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே அந்த இரண்டு அறை அலுவலகத்தில், நீயும் நானும் விடுதிகளுக்கு அறை முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நான் மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டுப் பெண். நீ அட்டுவம்பட்டி, உன் வீட்டார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எழுதிய மென்பொருளைச் சோதிக்க நாம் வைத்திருந்த ஜேயூனிட் கருவிக்கு நான்காம் பதிப்பு வந்திருந்தது. சீசன் தொடங்குவதற்குள் நம் சோதனைக் கோப்புகளையெல்லாம் அதற்கு மாற்றிவிட வேண்டும் என்றார் முதலாளி.

பழைய பதிப்பில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் செட்டப் என்ற பகுதி தானாக ஓடும். அறை, விருந்தாளி என்று பொய்ப் பதிவுகளை உண்டாக்கும். முடிந்ததும் டியர்டவுன் ஓடி அவற்றை அழித்துவிடும். அந்தப் பெயர்களை வைத்தாலே போதும். புதியதில் பெயரை மட்டும் வைத்தால் ஓடாது. செட்டப்புக்கு மேல் பிஃபோர், டியர்டவுனுக்கு மேல் ஆஃப்டர் என்று குறி போட வேண்டும்.

பாதி முடிந்தபோது உனக்குக் காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பெருமாள்மலையில் பஸ் நின்றபோது போன் செய்தாய். "நீ வெரசா முடி. நான் ரெண்டு நாள்ல வந்துருவேன்."

நான் மாற்றிக்கொண்டே போனேன். முதல் தடவை எல்லாம் பச்சை. மறுபடி ஓட்டினால் வரிசையாகச் சிவப்பு: அறை ஏற்கெனவே பதிவாகியுள்ளது. ஒரு நாள் முழுக்கத் தேடியும் காரணம் பிடிபடாமல் உன்னை அழைத்தேன்.

நீ மூச்சு வாங்க எல்லாவற்றையும் கேட்டாய்.

"டியர்டவுன் மேல ஆஃப்டர் போட்டியாடி?"

பார்த்தேன். நான் மாற்றிய ஒன்றிலும் இல்லை.

"விட்டுட்டேன்டி."

"போடாட்டி அது ஓடவே ஓடாது. தப்புன்னும் சொல்லாது. பழசெல்லாம் அப்படியே கெடக்கும்."

"சரிடி, வச்சிர்றேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை உன் அண்ணன் அழைத்தார். "தங்கச்சி போயிருச்சும்மா."

அப்போது இன்னும் பதினோரு கோப்புகள் பாக்கியிருந்தன. அவற்றை முடித்தேன். ஏன் என்று எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஆஃப்டர் போட்டு, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அட்டுவம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கடைசியா ஒங்கூடத்தானே பேசுச்சு. பொறகு வாயில கொழாயப் போட்டுட்டாங்க. என்னா சொல்லுச்சு புள்ள?"

எனக்குப் பொய் வரவில்லை.

"ஆஃப்டர்னு ஒரு குறி போடச் சொன்னாம்மா. ஆபீஸ் வேலையில."

"போட்டியா?"

"போட்டேம்மா."

"அப்ப சரி" என்றார். கையை மட்டும் விடவில்லை.

அந்தப் போன் பேச்சு வார்த்தை மாறாமல் எனக்குள் இருக்கிறது. அதில் எந்த இடத்திலும் உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு வேறு ஏதாவது இருந்திருக்கும்.