மூதூர் இல்லாத ஊர்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
11.08.2024

அன்புள்ள ஹஸ்மி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனைவி றிஷானா எழுதுகிறேன். அல்லாஹ்வின் உதவியால் நானும் மகள் ஸல்ஹாவும் சுகம். அங்கே குளிர் குறைந்ததா? பெயின்ற் வேலையில் கைவிரல்கள் வெடித்து இரத்தம் வருகிறது என்று சொன்னீர்கள். தேங்காயெண்ணெய் பூசச் சொன்னேன், பூசினீர்களோ தெரியாது. இங்கே கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. கழுவிப் போட்ட உடுப்பு காய்வதற்குள் புழுதியாகிவிடுகிறது.

நாள் தவறாமல் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். தன் தங்கச்சியின் கல்யாணத்துக்கு வந்த அன்ஸார் நானா வெள்ளிக்கிழமை நியூசிலாந்துக்குத் திரும்புகிறார். உங்களோடு ஒரே கராஜில் வேலை செய்கிறவர், கையிலேயே தந்துவிடுவார். போனில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் உங்கள் குரல் ஏறிவிடுகிறது. குரல் ஏறினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்து, "ஓம், சரி" என்பது மட்டும்தான் வாயில் வருகிறது. கடிதத்தில் நடுவே பேச ஏலாதுதானே. வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. சாமான்களில் பாதி போய்விட்டது. பிரிட்ஜ் கிண்ணியாவில் என் தங்கச்சி ஷிஃபானாவுக்கு. தையல் மெஷின் பக்கத்து வீட்டுப் பஹ்மியாவுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் என்னை விட அதிகமாக அழுதாள். அழுதபடியே, அந்தச் சின்ன மேசையையும் தருவீங்களா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். பெரிய அலுமாரி மட்டும் எந்த வாசலாலும் வெளியே வராது. என் வாப்பா அதை அறைக்குள்ளேயே வைத்துச் செய்வித்தாராம். அது அப்படியே நிற்கிறது.

அட்டைப் பெட்டிகளை விறாந்தையில் அடுக்கி வைத்திருந்தேன். கேற்றைப் பூட்ட மறந்த நேரம் பார்த்து, வீதியில் திரிகிற மான்கள் வந்து இரண்டு பெட்டியைச் சப்பிவிட்டன. ஸல்ஹா ஆசையாக நியூசிலாந்து என்று எழுதியிருந்த பக்கம்தான் அதுகளுக்கு ருசித்திருக்கிறது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அங்கே விமான நிலையத்தில் நாய் மோப்பம் பிடிக்கும், சாப்பாட்டுச் சாமான் பிடிபட்டால் தண்டம் என்று அன்ஸார் நானா சொன்னதிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. மாசி மீனையும் கருவாட்டையும் ஒதுக்கிவிட்டேன். ஆனாலும் உடுப்பில் மாசி மணக்கிறதா என்று ஒவ்வொன்றாக மணந்து பார்க்கிறேன். நாய் என் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றால் இங்கிலீசில் என்ன சொல்வேன்? விமானம் கடலுக்கு மேலே அவ்வளவு நேரம் போகும் என்பதும் பயம். இந்தப் பயங்களைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்க ஏலாத ஒன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை.

ஸல்ஹா பள்ளிக்கூடம் போய்விட்டாள். இப்போது எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

போன புதன்கிழமை புரோக்கர் ஒரு கொழும்புக்காரரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினார். உல்லாசப் பயணிகளுக்கு விடுதி நடத்தப்போகிறாராம். மேல்மாடி கட்டினால் துறைமுகம் தெரியும் என்று இரண்டு பேரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க எப்போது வருவார் என்று கொழும்புக்காரர் கேட்டார். வீடு என் பெயரில் இருக்கிறது என்றேன். மனுசனுக்கு ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்து வைப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப சண்டை வந்தா ஆர் வெளிய போறது?" என்று பகிடியாகக் கேட்டுச் சிரித்தார். புரோக்கரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், நம் அறை வாசலில் நின்றுவிட்டார். கதவில் தாழ்ப்பாள் பக்கமாகக் குறுக்கே பலகை அடித்திருப்பதைத் தடவிப் பார்த்து, இது எப்படி உடைந்தது என்று கேட்டார். கச்சான் காற்றுக்கு அடிபட்டு உடைந்தது என்றேன். அந்தப் பலகையை அடிக்க வந்த தச்சர் சின்னராசா அண்ணனுக்கும் அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். அவர் நீளமான ஆணியாகப் பார்த்து அடித்துவிட்டுப் போனார். கதவு உடைந்தபோது உள்ளே நானும் ஸல்ஹாவும் நின்றோம் என்பது கொழும்புக்காரருக்குத் தெரியாது. வெளியே நின்ற உங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் குசினிக்குப் பின்பக்கம் துப்புரவாக்கினேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வெறும் தயிர்ச்சட்டிகள் கவிழ்த்து அடுக்கியபடி கிடந்தன. புதினா நடலாம், மீன் கழுவலாம் என்று எறியாமல் வைத்தவை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும்போதுதான் அவை எல்லாமே மூதூர்ச் சட்டிகள் என்று நினைவு வந்தது. கோபம் வந்தால் நீங்கள் ஷேர்ட்டைக் கொழுவிக்கொண்டு, கேற்றை அடித்துச் சாத்திவிட்டு, மூதூர் பஸ் ஏறி உங்கள் உம்மா வீட்டுக்குப் போவீர்கள். மாமி ஏசுவா, ஆக்கிப் போடுவா. இரண்டு மூன்று நாளில் ஒரு தயிர்ச்சட்டியோடு வந்து வாசலில் நிற்பீர்கள். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வந்ததில்லை. சட்டியை நீட்டுவீர்கள், நான் வாங்குவேன், சீனி போட்டு மூன்று பேரும் சாப்பிடுவோம். எனக்கு அது போதுமாக இருந்தது. என் உம்மாவுக்கும் சாச்சிமாருக்கும் இப்படித்தான் நடந்தது. கோபம் வந்தால் ஆம்பிளை தன் உம்மா வீட்டுக்குப் போவார், பொம்பிளை தன் வீட்டில் இருப்பாள்.

சட்டிகளை எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன். நீங்கள் வெளிநாடு போன பிறகு புதிதாக ஒன்றும் சேரவில்லை.

ஸல்ஹா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "உம்மா, அங்க வாப்பாக்குக் கோவம் வந்தா எங்க போவாங்க? அங்க மூதூர் இல்லத்தானே" என்று கேட்டாள். புதுப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்பாளே, அப்படிச் சாதாரணமாகத்தான் கேட்டாள். கோழிக்குத் தீன் போடவேண்டும் என்று எழும்பிவிட்டேன். கோழிகளை முந்தின நாளே பஹ்மியாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது கூட்டைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு என்னுடைய ஒரு சட்டையைக்கூட மடித்து வைக்க முடியவில்லை. நீங்கள் போனில் காட்டிய அந்த மாடி வீடு வடிவாகத்தான் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு வாசல். வாடகைக்கு எடுத்தது உங்கள் பெயரில். எங்கள் விசாவும் உங்கள் வேலையில் தொங்குகிறது. எந்த பஸ் எங்கே போகும் என்றுகூட எனக்குத் தெரியாத ஊர். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகவேண்டியவள் நானாக இருந்தால், அந்தக் குளிரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பேன்? யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

நீங்கள் கெட்டவர் என்று எழுதவில்லை. ஸல்ஹாவுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் வெறும் நிலத்தில் கிடந்தவர் நீங்கள். அந்த மனுசனிடம் வரத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் கதவை உடைத்தவரும் அந்த வீட்டுக்குள்தானே இருப்பார்.

அதனால் வீட்டை விற்க நான் கையெழுத்து வைக்கவில்லை. சனிக்கிழமை நொத்தாரிசிடம் போகவேண்டிய நேரம், காய்ச்சல் என்று புரோக்கருக்குப் பொய் சொன்னேன். நேற்று அவரைக் கூப்பிட்டு, விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் மட்டும் இன்னும் "ஓம், சரி" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு வீடு வாங்க அந்தக் காசைத்தான் நம்பியிருந்தீர்கள் என்று தெரியும். வாடகைக்கே இருப்போம். ஷிஃபானாவோடு இருக்கும் உம்மா வந்து இங்கே இருக்கப்போகிறா. விற்கும் கதை வந்த நாளிலேயே உம்மா, "ஊட்ட வித்துப்போட்டுப் போனா, நாளைக்கு ஒரு தேவ வந்தா எந்த வாசல்ல புள்ள வந்து இறங்குவாய்?" என்று கேட்டா. அப்போது நான் உம்மாவோடு சண்டை பிடித்தேன். ஸல்ஹாவுக்கும் நாளைக்குக் கொடுக்க ஒரு வீடு வேண்டும்தானே.

இதை வாசிக்கும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்கு இங்கே இருந்தே தெரிகிறது. கடிதத்தில் இருப்பது ஒன்றும் அன்ஸார் நானாவுக்குத் தெரியாது, அவரோடு சீறிவிழ வேண்டாம். விமான ரிக்கெற்றை நிற்பாட்டிவிடுவேன் என்று உடனே போனில் கத்தவும் வேண்டாம். போன் அடித்தால் நான் எடுப்பேன், எடுத்தால் திரும்பவும் "ஓம், சரி" என்றுவிடுவேன்.

ஸல்ஹாவின் பெட்டி கட்டி முடிந்தது. என்னுடையது கட்டிலில் திறந்தபடி கிடக்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே உங்களுக்குக் கோபம் வந்தால் எங்கே போவீர்கள்? அன்ஸார் நானாவின் அறையோ, பள்ளிவாசலோ, கராஜோ, எதுவாக இருந்தாலும் யோசித்து, அந்த இடத்தின் பெயரை உங்கள் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் அதை ஸல்ஹாவுக்குக் காட்டவேண்டும். காட்டிவிட்டுப் பெட்டியைப் பூட்டுகிறேன்.

வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூச மறக்கவேண்டாம். அல்லாஹ் உங்கள் கைகளைச் சுகமாக்கி, பிள்ளையின் தலையைத் தடவுகிற கைகளாகவே வைத்திருக்கட்டும். ஐந்து நேரமும் அதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
றிஷானா